வளவிலே ஒரு திரை

பிள்ளையார் நோன்பன்று மாலையில் இழை எடுத்துக்கொண்டு, நாவிலே மாவின் இனிப்பு இன்னும் மாறாமலிருக்கும் அந்த வேளையில், எங்கள் காரைக்குடி வீட்டு நடுமுற்றமாகிய வளவில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுவதுண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்திறங்கிய மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளுமாக இருபது பேருக்குக் குறையாமல், சிலர் பட்டாலையிலும் சிலர் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலும் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, "ஒரு படம் போடலாமே" என்று எவரேனும் ஒருவர் வாய் திறந்துவிட்டால் போதும். ஏழு வயதுப் பெண்ணுக்குப் பேசும் விலங்குகள் வேண்டும், கல்லூரிக்குப் போகும் பையனுக்கு வெட்டும் குத்தும் வேண்டும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வாரமெல்லாம் உழைத்த அலுப்புத் தீரச் சிரிக்க வேண்டும், எண்பத்திரண்டு வயதான என் ஆச்சிக்கோ, (உடன்பிறந்த அக்காளை ஆச்சி என்பதுதான் எங்கள் வழக்கம்) கண்பார்வை மங்கிவிட்டமையால் பாட்டாவது செவிக்கு இதமாக இருக்க வேண்டும். இத்தனை பேருடைய விருப்பத்தையும் ஒரே திரையில் எப்படி அடக்குவது என்பது, அற்பமாகத் தோன்றினாலும், இன்றைக்குத் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறையாவது எதிர்கொள்ளும் பிரச்சினை என்றே நான் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் பொறுப்பை இளையவர்களிடமே விட்டுவிட்டு நான் ஒதுங்கி இருந்தேன். ஒரு நோன்பன்று, 'யு' சான்றிதழ் பெற்றது என்ற ஒரே காரணத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்த ஒரு படத்தில், வீடு தீப்பற்றி எரிய, தாய் உள்ளே அகப்பட்டுக்கொண்டு அலறும் காட்சி வந்தது. பெரியவர்களாகிய நாங்கள், இவள் தப்பிவிடுவாள் என்று அறிந்தவர்களாய் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்க, நான்கு வயதான என் பேரன் சத்தமின்றி எழுந்துபோய், இரண்டாம் கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தன் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டான். அதன்பின் பத்து நாள் வரையில் அவன் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. படம் எடுத்தவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. முன்பின் யோசியாமல் அதை அவன் முன்னே ஓடவிட்ட எங்களுடைய அசிரத்தைதான் அந்தப் பத்து இரவுகளுக்கும் காரணம். அன்று முதல், படத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே பொருந்தும் படம் எது என்று அதற்குப் பிறகு நான் தேடியதிலும், பார்த்ததிலும், பிள்ளைகளின் முகத்தைக் கவனித்ததிலும் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு: குழந்தைக்கு ஊறு செய்யாமலிருப்பது மட்டும் அதற்கு இலக்கணமாகிவிடாது, குழந்தை தன் கண்ணால் ஒரு கதையையும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர் தம் வாழ்வின் அனுபவத்தால் அக்கதையின் அடியில் ஓடும் வேறொரு கதையையும் கண்டு, திரை அணைந்த பிறகு இருவரும் ஒருவரோடொருவர் அவற்றைப் பற்றிப் பேச இடம் கொடுப்பதுதான் இருவருக்கும் உரிய படம்.

இந்த இலக்கணம் இந்த மண்ணுக்குப் புதியது அன்று. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அது நன்கு தெரியும். பாய் தலையணையோடு குடும்பம் குடும்பமாகப் போய் மணலில் இடம் பிடித்துக்கொண்டவர்களில், பபூன் மேடைக்கு வந்தால் குழந்தைகள் எழுந்து உட்காருவார்கள். நாரதரும் வள்ளியும் பாட்டால் தர்க்கம் செய்யத் தொடங்கினால் குழந்தைகள் தூங்கிப்போவார்கள், பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கடைசியில் யானை வரும் கட்டத்தில் தாய்மார் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிக் காட்டுவார்கள். இன்னின்ன வயதினருக்கு இன்னின்ன பகுதி என்று எவரும் வகுத்துச் சொல்லாமலே, ஒரே நாடகத்துக்குள் எல்லா வயதினருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வள்ளியின் கதையைத்தான் 1945இல் 'ஸ்ரீவள்ளி' என்ற பெயரில் படமாக்கிப் பெருவெற்றி கண்டார், இந்தக் காரைக்குடியில் 1907ஆம் ஆண்டு பிறந்து, கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தின் வழியாகச் சினிமாவுக்குள் நுழைந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்.

யுத்த காலத்து நெருக்கடியில் சென்னையில் மின்சார வசதி கிடைப்பது துர்லபமாயிருந்தபடியால், அவர் தம்முடைய ஸ்டூடியோவைக் காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளாகவே எழுப்பியதும், நகரத்திலிருந்து நடிகர்களும் தொழில்நுணுக்கக் கலைஞர்களும் இந்தச் செம்மண் பூமிக்கு வந்து தங்கி வேலை செய்ததும், 1947 ஜனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' படம் அங்கே உருவானதும் இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. பாரதியின் பாடல்களுக்கான உரிமையை விலைக்கு வாங்கி அப்படத்தில் சேர்த்த மெய்யப்பச் செட்டியார், பின்னர் 1949இல் அவ்வுரிமையைத் தமிழ்நாட்டு மக்களுக்கு உரியதாகும்படி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். குமாரி கமலா என்னும் சிறுமி அப்பாடல்களுக்கு ஆடியதைக் கண்ட அக்காலத்துக் குழந்தைகளுக்கு அது ஓர் ஆட்டம். பக்கத்தில் இருந்த தகப்பனாருக்கோ சுதந்திரத்தின் வாசலில் நிற்கும் ஒரு தேசத்தின் குரல். படம் பார்த்துத் திரும்பி வந்த சிறுமிகள் முகப்பில் நின்று கமலாவைப் போலவே கை காட்டி ஆடியதை என் ஆச்சிக்கும் மூத்த தலைமுறையினர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

பிற்காலத்தில் சென்னை வடபழனிக்கு இடம்பெயர்ந்த பிறகும் அவருடைய ஏவி.எம். நிறுவனத்தாருக்குக் குழந்தைகளின் மேலிருந்த நாட்டம் குறைந்துவிடவில்லை. 1957இல் அவர்கள் இந்தியில் எடுத்த 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' என்ற படம், சிறந்த குழந்தைப் படத்துக்கான பிரதம மந்திரியின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. 1960இல் வந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் ஐந்து வயதுச் சிறுவனாகக் கமல்ஹாசன் அறிமுகமானார். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க, அநாதை விடுதியில் வளரும் ஒரு பிள்ளையின் கதை அது. குழந்தைகள் அந்தச் சிறுவனின் குறும்பைப் பார்க்கிறார்கள், பெற்றவர்கள் அந்தத் தாயைப் பார்க்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, இருவருக்கும் பொருந்தும் படம் என்ற வகைக்கு என் மனத்தில் முதலிடம் பெற்றது, கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் இயக்கத்தில் 1965ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'குழந்தையும் தெய்வமும்'.

இந்தக் கதை எத்தனை தேசங்களைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர், யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த தம் நாட்டில், 1949இல் குழந்தைகளுக்காக ஒரு நாவல் எழுதினார்: பெற்றோர் பிரிந்துவிட்டமையால் ஆளுக்கொரு வீட்டில் ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்த இரட்டைச் சகோதரிகள் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறிக்கொண்டு, தங்கள் தாய் தந்தையரை மீண்டும் ஒன்றுசேர்க்கிறார்கள். அதையே 1961இல் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'தி பேரன்ட் டிராப்' என்று படமாக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து அது வடபழனியில் தமிழ் வேட்டி சேலை கட்டிக்கொண்டு, ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோராகவும், குட்டி பத்மினி இரட்டையராகவும் நடிக்க, நம் வீட்டுக் கதையாகவே மாறிவிட்டது. தம்பதிகளின் பிரிவு என்பது குழந்தைகளின் முன்னிலையில் தணிந்த குரலில்கூடப் பேசப்படாத அந்தக் காலத்தில், அதையே நடுநாயகமாக வைத்து ஒரு குழந்தைப் படம் எடுத்த துணிவை எண்ணிப் பாருங்கள். இரண்டு சிறுமிகளும் ஆள் மாறி நடிப்பதிலே குழந்தைக்குச் சிரிப்பு. பெரியவர்களின் செருக்கினால் பிள்ளைகள் அடையும் துன்பத்தைப் பார்க்கும் பெற்றோருக்கோ நெஞ்சில் ஒரு குத்தல். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றதும், தெலுங்கிலும் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டதும் நியாயமே. குழந்தைகளுக்கு ஏற்ற படம் என்றால் அதில் துக்கமே இருக்கலாகாது என்று எண்ணுகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி, சான்றிதழைப் பற்றி. 1952ஆம் ஆண்டின் சட்டப்படி, யாவரும் பார்க்கத்தக்க படத்துக்கு 'யு' என்றும் வயது வந்தோருக்கு மட்டும் உரியதற்கு 'ஏ' என்றும் வகுத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டியவற்றுக்கு 'யு/ஏ' என்னும் நடுவகை 1983இல் சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே மூன்று வயதும் உண்டு பதினோரு வயதும் உண்டல்லவா? இந்தக் குறையை உணர்ந்தே, 2023இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் 'யு/ஏ' வகையை ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்று வயதுக்கு மேல், பதினாறு வயதுக்கு மேல் என மூன்றாகப் பிரித்துவிட்டது. இணையத்தின் வழியே வீட்டுக்குள் வரும் ஓ.டி.டி. தளங்களுக்கு 2021ஆம் ஆண்டின் விதிகளே இதே வயதுப் பிரிவுகளை விதித்ததோடு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களைப் பெற்றோர் பூட்டி வைக்க வழி செய்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கின்றன. நான்கு இலக்க ரகசிய எண் ஒன்றை ஒரு தடவை பதிந்துவிட்டால் அந்தப் பூட்டு விழுந்துவிடும். ஆயினும் எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில், பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுப் போடும் சிரத்தையுள்ளவர்கள்கூட, இந்தப் பூட்டைப் போடாமலே இருக்கிறார்கள்.

பூட்டும் முத்திரையும் வேண்டியவைதாம். ஆனால் அவை சொல்வது, ஒரு படத்தில் இன்னது இல்லை என்பதை மட்டுமே. அரிசியில் கல் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டதனால் அது கவுனி அரிசி ஆகிவிடுவதில்லை. 'யு' முத்திரை பெற்ற எத்தனையோ படங்களில் கறுத்த நிறத்தையும், பருத்த உடலையும், வழுக்கைத் தலையையும், திக்குவாயையும் கேலி செய்வதே நகைச்சுவையாக இருப்பதை நாம் காண்கிறோம். கணவன் மனைவியை அறைவதும், விலகிப்போகும் பெண்ணைத் துரத்தித் துரத்திப் பின்தொடர்வதும் அன்பின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு வாள் வீச்சு எட்டாதது. வகுப்பிலே தன் பக்கத்தில் இருக்கும் கறுத்த பையனைக் கூப்பிட ஒரு பட்டப்பெயரோ எட்டும் தூரத்தில் இருப்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் கேலிச்சொல், திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே ஏதேனும் ஒரு குழந்தையின் மேல் ஒட்டிக்கொண்டுவிடும், அந்தக் குழந்தை அதைக் கல்லூரி வரையில் சுமந்து செல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதைவிட, சிரிப்பு யாரை மிதித்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்பது எனக்கு அவசியமாகப் படுகிறது.

பயம் என்பது வேறு விஷயம். அது வயதுக்கு வயது வடிவம் மாறுவது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையில் நடப்பது நடிப்பு என்ற நினைவு எளிதில் நிலைப்பதில்லை. நல்ல முகம் திடீரென்று கோர முகமாக மாறுவதும், எதிர்பாராமல் எழும் பேரோசையும், தாய் காணாமற்போவதும் அவர்களை உலுக்கிவிடுகின்றன. அதற்கு மேற்பட்ட வயதில் பூதமும் பேயும் விளையாட்டாகிப்போக, திருடன், விபத்து, தீராத நோய் ஆகிய நடக்கக்கூடிய ஆபத்துகள் அச்சம் தரத் தொடங்குகின்றன. வால்ட் டிஸ்னியின் 'பாம்பி'யில் மான்குட்டியின் தாய் இறந்துபோகிறது. 'ஃபைண்டிங் நீமோ'வின் தொடக்கத்திலேயே தாய்மீன் போய்விடுகிறது. இவை அருமையான படங்கள் என்பதில் ஐயமில்லை; அவற்றை விலக்கிவிடச் சொல்வது என் உத்தேசமும் அன்று. நான் கண்டுகொண்ட உபாயம் ஒன்றுதான்: முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது. "அம்மா மீன் போயிரும், ஆனா அப்பா மீன் கடல் பூராத் தேடிக் குட்டியைக் கண்டுபிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தொடங்கினால், குழந்தையின் உடம்பு தளர்ந்து, கண் விரிந்து, கதையை ரசிக்கத் தொடங்கிவிடுகிறது. கதையின் ஸ்வாரஸ்யம் கெட்டுவிடுமே என்று என் மகன் ஆட்சேபித்தான். வள்ளியை முருகன் மணந்துகொள்வான் என்பது தெரியாமலா மணலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்? 1939 முதல் இவ்வூர்க் கம்பன் கழகத்தார் நடத்திவரும் விழாவுக்கு வருகிறவர்களில், இராமன் வெல்வானா தோற்பானா என்று அறியாதவர் யார்? முடிவு தெரிந்த கதையில்தான் வழி நெடுகக் கண்ணைத் திறந்து பார்க்க முடிகிறது என்பதை நம்முடைய முன்னோர் அறிந்திருந்தார்கள். குழந்தைகளும் அதைத் தாமாகவே அறிந்திருக்கிறார்கள்.

எங்கள் வளவில் போட்ட படங்களில் அதிகமான பேச்சை எழுப்பியது, ஏ.எல். விஜய் இயக்கி 2014ஆம் ஆண்டு ஜூனில் வெளியான 'சைவம்'. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில், ஒரு பெரிய வீட்டில், திருவிழாவுக்காக நாலா திசையிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கூடுகிறார்கள். குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடங்களுக்கெல்லாம் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலைப் பலியிடாமல் விட்டதே காரணம் என்று பெரியவர்கள் முடிவு செய்ய, அந்தச் சேவலைத் தன் உயிராகப் பாவித்து வளர்த்துவரும் தமிழ்ச்செல்வி என்னும் சிறுமி, அதை ஒளித்துவைக்கிறாள். வீடே சேவலைத் தேடுகிறது. பாட்டனாராக நாசரும், பேத்தியாகச் சாரா அர்ஜுனும் நடித்த அந்தப் படத்தில் நாங்கள் அன்றாடம் புழங்கும் முகப்பும் தூணும் வளவும் திரையில் வர, சிங்கப்பூர்ப் பேத்தி "நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்று கூவிக்கொண்டு எழுந்து நின்றாள். அப்படத்தில் வரும் பாடல் ஒன்றுக்காக அதைப் பாடிய சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணனுக்கும், எழுதிய நா. முத்துக்குமாருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. என் ஆச்சி அப்பாடலை மறுபடியும் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும், ஆறு வயதான அந்தப் பேத்தி என்னிடம் வந்து, "ஐயா, நீங்க சேவல் சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். செட்டிநாட்டுக் கோழிக் குழம்பின் கீர்த்தி உலகெங்கும் பரவிக் கிடக்கும்போது, அந்தக் கேள்விக்கு நான் என்ன மறுமொழி சொல்வேன்! "சாப்பிட்டிருக்கேன் ஆத்தா" என்றேன். "அதுக்குப் பேரு இருந்துச்சா?" என்பது அடுத்த கேள்வி. வளவு முழுவதும் அமைதியாகிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தோட்டத்தில் திரிந்த சேவல் ஒன்றை ஒரு நாள் காணாமல் தேடி அலைந்ததும், அன்று பகல் சாப்பாட்டில் எனக்கு விஷயம் விளங்கியதும், அறுபது ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாதவை, அன்றைக்கு வாயில் வந்துவிட்டன. என் மகனே அதை முதன்முதலாக அப்போதுதான் கேட்டான். பேத்தி பதினொரு நாள் கோழி தின்னாமல் இருந்தாள், பிறகு தின்றாள், அதைப் பற்றி அவளை எவரும் ஒரு வார்த்தை சொல்லலாகாது என்று என் மனைவி உத்தரவு போட்டிருந்தாள். சைவம் நல்லதா அசைவம் நல்லதா என்பது இங்கே பிரமேயமல்ல. ஓர் ஆறு வயதுக் குழந்தை தன் பாட்டனை நேர் நின்று கேள்வி கேட்கவும், பாட்டன் அதற்கு மெய்யான பதில் சொல்லவும் இரண்டு மணி நேரப் படம் ஒன்று காரணமாயிருந்ததல்லவா, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதே வகையில், எங்கள் பக்கத்து மண்ணிலேயே விளைந்த இன்னொரு படம் 'பசங்க'. புதுக்கோட்டை மாவட்டத்து விராச்சிலையைச் சேர்ந்த பாண்டிராஜ், தம் சொந்த ஊரையே களமாக வைத்து 2009இல் எடுத்தது அது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வசனம், சிறந்த குழந்தை நட்சத்திரங்கள் எனத் தேசிய விருதுகளை வாரிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருவருக்கிடையே மூளும் பகையைக் குழந்தைகள் தங்கள் யுத்தமாகவே எண்ணிப் பார்க்கிறார்கள். அப்படத்தில் பெற்றோர் போடும் சண்டையைக் கேட்டுக்கொண்டு பையன் நிற்கும் காட்சி வந்தபோது, எங்கள் வளவில் இருந்த தம்பதிகள் சிலர் ஒருவரையொருவர் பாராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது சற்று நீளம். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரையில் அதைவிடப் பொருத்தமான தமிழ்ப் படத்தை நான் அறியேன்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஒரு பிரத்தியேக குணம் உண்டு. பிடித்துவிட்டதை நூறு முறை பார்ப்பார்கள். ஆகவே மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் படம் தேடுகிறவர், தாமும் அதை நூறு முறை பார்க்கப்போகிறோம் என்பதை மறவாமல் தேட வேண்டும். 1957இல் விஜயா நிறுவனத்தார் எடுத்த 'மாயாபஜார்' எங்கள் வீட்டில் அந்தச் சோதனையில் தேறியது. 1947இல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய அதே நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் அப்படத்தின் தயாரிப்பாளர்கள் என்று அறியும்போது, குழந்தையின் மனத்தை அவர்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்குகிறது. எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தையெல்லாம் ஒரே ஆளாக உண்டு தீர்க்கும் காட்சியில், நான்கு வயதுப் பேரன் ஒருவனும் எண்பத்திரண்டு வயது ஆச்சியும் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள். குழந்தைக்குத் தானாக வந்து வாயில் விழும் பண்டம் அதிசயம். கல்யாணச் சமையலின் பாரம் அறிந்த ஆச்சிக்கோ, இத்தனையும் போயிற்றே என்ற பதைப்பே சிரிப்பாகிறது. நூறாவது முறையும் அச்சிரிப்பு குறையவில்லை.

தொடர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆச்சிக்கு இங்கிலீஷ் அறவே புரியாது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்து வைத்தது, இங்கிலாந்தில் 2007 முதல் வெளிவரும் 'ஷான் தி ஷீப்' என்ற களிமண் பொம்மைத் தொடர். அதிலே பேச்சே கிடையாது. ஒவ்வொரு பகுதியும் ஏழே நிமிஷம். மேய்ப்பனை ஏய்க்கும் ஆடுகளை, ஆட்டுக்கிடை போடும் ஊரில் வளர்ந்த ஆச்சிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தொடரிலும், ஒரு பகுதி முடிந்த கணமே அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாட்டை முதலில் நிறுத்திவிட வேண்டும். முடிவு என்பது இல்லாத இடத்தில் பேச்சுக்கும் இடமில்லாமற் போய்விடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் கூறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியதும் ஏறக்குறைய இதுவே. குழந்தைக்குச் சோறூட்டக் கைப்பேசியைக் காட்டும் இளம் தாய்மாரை நான் கடிந்துகொள்வதில்லை. வளவு நிறைய ஆள் இருந்த வீட்டில் நிலாவைக் காட்டச் சித்திகளும் அத்தைகளும் இருந்தார்கள், அடுக்குமாடி வீட்டில் தனித்து நிற்கும் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? ஆயினும் அந்தக் கைப்பேசியைப் பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து பார்த்தால், அது பாதித் தனிமையையாவது போக்கும்.

நல்ல குழந்தைப் படங்கள் பிறந்த விதத்தைப் பார்த்தாலும் இந்த உடன் அமர்தலே தெரிகிறது. 1955இல் நேருவின் ஆர்வத்தால் அரசாங்கமே குழந்தைத் திரைப்படச் சங்கம் ஒன்றை நிறுவியது. அதன் பணி பெரிது. ஆனாலும், தன் வயதுக்கு ஏற்ற படம் ஒன்று எடுக்கும்படி மகன் கேட்டுக்கொண்டதற்காக, தம் பாட்டனார் உபேந்திர கிஷோர் எழுதிய கதையைத் தேடி எடுத்து 1969இல் 'கூப்பி காயின் பாகா பாயின்' படத்தை உருவாக்கிய சத்யஜித் ராயும், தம் சொந்த மகனையே நடிக்க வைத்து 1956இல் 'சிவப்புப் பலூன்' என்னும் அரைமணி நேரப் படத்தைத் தந்த பிரெஞ்சுக்காரர் ஆல்பர் லாமொரீஸும், தம் வீட்டுக் குழந்தை ஒன்றின் முகத்தை நோக்கியபடியே வேலை செய்தவர்கள். பேச்சு மிகக் குறைவான அந்தப் பலூன் படம் எந்த மொழிக் குழந்தைக்கும் விளங்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்த மறுநாள் காரைக்குடிச் சந்தையில் சிவப்புப் பலூனைத் தவிர வேறு நிறத்தைத் தொடவில்லை.

சென்ற நோன்பன்று 'குழந்தையும் தெய்வமும்' போடுவது என்று ஏற்பாடாகியிருந்தது. ஒரு வாரம் முன்னதாகவே நான் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்து, எந்த இடத்தில் இடைவேளை விட வேண்டும், எந்த இடத்தில் சின்னவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் குறித்து வைத்துக்கொண்டேன். விளக்கை அணைக்கப்போன சமயத்தில், அன்று தீயைக் கண்டு இரண்டாம் கட்டுக்கு ஓடிய பேரன், இப்போது ஏழு வயது நிரம்பியவன், என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஐயா, முடிவ மொதல்ல சொல்லிருங்க" என்றான். "அம்மா ஒரு வீட்டுல, அப்பா ஒரு வீட்டுல இருப்பாக. புள்ளைக ரெண்டும் சேர்ந்து அவுகளை ஒரே வீட்டுக்குக் கூட்டியாந்துருங்க" என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்பச் சரி, போடுங்க" என்று சொல்லிப்போய், என் ஆச்சியின் மடியில் தலை வைத்துத் திரையை நோக்கிப் படுத்துக்கொண்டான்.